மீட்டமைப்பின் வரலாறு: நுண்செயலி எங்கிருந்து தொடங்குகிறது?

ஒரு நுண்செயலி எந்த நிலையில் இருந்தாலும், அதை முன்பே வரையறுத்த ஒரு தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் செயல் மீட்டமைப்பு எனப்படும். பொறியாளர்களின் அன்றாடப் பேச்சில் இது ரீசெட். சலவை இயந்திரம், மின்சார மீட்டர், காரின் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி, செயற்கைக்கோள் என ஒரு கருவிக்குள் பொதிந்து ஒரே வேலையைச் செய்யும் கணினிகளை உட்பொதி கணினிகள் என்கிறோம். மேசைக் கணினி உறைந்துபோனால் அருகில் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். உட்பொதி கணினிக்கு அருகில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. அது தானே விழுந்து தானே எழ வேண்டும். அதனால்தான் மீட்டமைப்பின் வரலாற்றில் விண்கலங்களும் ஏவுகணை எதிர்ப்பு அமைப்புகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

மீட்டமைப்பு என்றால் எல்லாவற்றையும் பூச்சியமாக்குவது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் எந்தச் செயலியும் எல்லாவற்றையும் பூச்சியமாக்குவதில்லை. ஒவ்வொரு வடிவமைப்பும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: எப்போது தொடங்குவது, எங்கிருந்து தொடங்குவது, எதை மறந்து எதை வைத்துக்கொள்வது. இவற்றுள் மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது என்பதைக் கடந்த அறுபது ஆண்டு அனுபவம் காட்டுகிறது.

மீட்டமைப்பு ஏன் தேவைப்படுகிறது

செயலிக்குள் இருக்கும் பதிவகங்கள் பிளிப்-பிளாப் என்னும் சிறு மின்சுற்றுகளால் ஆனவை. ஒவ்வொரு பிளிப்-பிளாப்பும் 0 அல்லது 1 என்ற ஒரு நிலையைத் தாங்கி நிற்கும். மின்சாரம் வந்த கணத்தில் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளையின் முகவரியைக் காட்டும் பதிவகத்துக்கு நிரல் எண்ணி என்று பெயர். அதுவும் பிளிப்-பிளாப்களால் ஆனதுதான். அதில் ஏதோ ஓர் எண் இருக்குமானால், செயலி நினைவகத்தின் ஏதோ ஓர் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கும். அங்கே இருப்பது கட்டளையாக இருக்கலாம், வெப்பநிலை அட்டவணையாகவும் இருக்கலாம். செயலிக்கு வேறுபாடு தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னழுத்தம் ஒரே நொடியில் 5 வோல்ட்டுக்குத் தாவுவதில்லை, படிப்படியாக ஏறுகிறது. கடிகாரத் துடிப்பைத் தரும் படிக அலையியற்றி நிலைபெறவும் சில மில்லிவினாடிகள் வேண்டும். அரைகுறை மின்னழுத்தத்தில் செயலியின் சில பகுதிகள் விழித்துக்கொள்ளும், சில உறங்கும். ஆகவே மின்னழுத்தமும் கடிகாரமும் சீராகும் வரை செயலியைப் பிடித்து வைத்திருந்து, பிறகு விடுவிக்க ஒரு சமிக்கை தேவை. மீட்டமைப்பு முனையின் முதல் வேலை இதுதான்.

நிலாவுக்குப் போன கணினி

இந்தக் கேள்விகளை ஆழமாக யோசித்த முதல் உட்பொதி கணினிகளுள் ஒன்று, நுண்செயலி பிறப்பதற்கு முன்பே உருவானது. அப்போலோ விண்கலங்களை வழிநடத்திய கணினியை எம்ஐடியின் கருவியியல் ஆய்வகம் 1960களில் வடிவமைத்தது. அதில் 36,864 சொற்கள் கொண்ட நிலையான நினைவகமும், 2,048 சொற்கள் கொண்ட அழித்தெழுதும் நினைவகமும் இருந்தன. இரண்டாவது காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் நின்றாலும் அதிலிருந்தவை அழியா. இந்த ஒரு பண்பே அதன் மீட்டமைப்பு முறைக்கு அடித்தளம்.

அந்தக் கணினி தன்னைத் தானே கண்காணித்தது. நினைவகத்திலிருந்து படித்த சொல்லில் சமநிலைப் பிழை தெரிந்தாலோ, குறுக்கீடுகள் நெடுநேரம் முடியாமல் நீடித்தாலோ, நிரல் ஒரே தாவல் கட்டளையில் சிக்கிக்கொண்டாலோ, மின்னழுத்தம் தாழ்ந்தாலோ வன்பொருள் ஒரு சமிக்கையை எழுப்பும். உடனே செயலி செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு, எண்ம எண்முறையில் 4000 என்ற முகவரியிலிருந்து மீண்டும் தொடங்கும். இவற்றோடு இரவுக் காவலாளி என்ற பெயரில் இன்னொரு சுற்றும் இருந்தது. நிரல் ஒரு குறிப்பிட்ட முகவரியைச் சுமார் ஒரு வினாடிக்கு ஒரு முறையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாவிட்டால், நிரல் வழிதவறிவிட்டது என்று காவலாளி முடிவு செய்து கணினியை மறுதொடக்கம் செய்வான். இன்றைய நுண்கட்டுப்படுத்திகளில் வாட்ச்டாக் என்ற பெயரில் உள்ள காவல் நேரங்காட்டியின் மூத்த வடிவங்களுள் இதுவும் ஒன்று.

மறுதொடக்கத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் மென்பொருளாளர்கள் திட்டமிட்டிருந்தார்கள். முக்கியமான ஒவ்வொரு பணியும் தான் எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறது என்பதை அழியாத நினைவகத்தில் ஓர் அட்டவணையாகக் குறித்துக்கொண்டே செல்லும். மறுதொடக்கத்தின்போது அந்த அட்டவணையைப் பார்த்து, தேவையான பணிகள் மட்டும் விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடரும். மற்றவை கைவிடப்படும்.

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11இன் இறங்குகலம் நிலவை நெருங்கியபோது இந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளானது. சந்திப்பு ரேடாரின் மின்னிணைப்பில் இருந்த பொருத்தமின்மையால் தேவையற்ற துடிப்புகள் கணினியின் எண்ணிகளுக்குள் பாய்ந்து, அதன் நேரத்தில் சுமார் 13 விழுக்காட்டைத் தின்றன. பணிகள் உரிய நேரத்தில் முடியாமல் குவிந்தன. புதிய பணிக்கு இடமில்லாதபோது 1202, 1201 என்ற எச்சரிக்கைகள் திரையில் தோன்றின. ஒவ்வொரு எச்சரிக்கையின்போதும் மென்பொருள் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. இருப்பிடம், திசைவேகம், எஞ்சினை இயக்கும் கணக்கு ஆகியவை தொடர்ந்தன. குவிந்துகிடந்த மற்ற வேலைகள் உதிர்ந்தன. கலம் பத்திரமாக இறங்கியது. அன்று கணினி எல்லாவற்றையும் மறந்திருந்தால் இறங்குவது இயலாமல் போயிருக்கும். எதையும் மறக்காமல் இருந்திருந்தாலும் அப்படியே.

முதல் நுண்செயலிகளின் விடைகள்

1971இல் வந்த இன்டெல் 4004 மீட்டமைப்புக்கென ஒரு முனையைக் கொண்டிருந்தது. அந்த முனையைத் தூண்டினால் நிரல் எண்ணி பூச்சியமாகும். ஆனால் உள்ளிருக்கும் பதிவகங்கள் எல்லாம் துடைக்கப்பட வேண்டுமானால் அந்தச் சமிக்கை 64 கடிகாரத் துடிப்புகள் வரை நீடிக்க வேண்டும். பதிவகங்கள் ஒரே வீச்சில் துடைபடாமல் ஒவ்வொன்றாகத் துடைபட்டதே காரணம்.

அடுத்த ஆண்டு வந்த 8008இல் மீட்டமைப்பு முனையே இல்லை. 18 முனைகளுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்த சிப் அது. மின்சாரம் வந்ததும் அது நிறுத்த நிலைக்குப் போய்க் காத்திருக்கும். வெளியிலிருந்து ஒரு குறுக்கீடு வந்தால்தான் எழும். எழுந்ததும் நிறைவேற்ற வேண்டிய முதல் கட்டளையையும் வெளிச்சுற்றே தரவேண்டும். 1974இல் வந்த 8080 இந்தச் சுற்றுவழியை நீக்கி மீட்டமைப்பு முனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அது நிரல் எண்ணியைப் பூச்சியமாக்கும். ஆனால் மற்றப் பதிவகங்களையோ அடுக்குச் சுட்டியையோ தொடாது. அவற்றைச் சரியாக நிரப்புவது நிரலாளரின் பொறுப்பானது.

பூச்சியத்திலிருந்து தொடங்குவது எளிய விடை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தொடக்க நிரல் மின்சாரம் நின்றாலும் அழியாத ரோம் நினைவகத்தில் இருக்க வேண்டும். ஆகவே நினைவகத்தின் அடிப்பகுதியில் ரோம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 8080 கணினிகளில் பரவிய சிபி/எம் இயக்குதளமோ அதே அடிப்பகுதியில் ரேம் இருக்கும் என்று எதிர்பார்த்தது. இதனால் மீட்டமைப்பின்போது மட்டும் ரோமை அடியில் காட்டி, பின்னர் மறைத்துவிடும் சுற்றுகளைக் கணினித் தயாரிப்பாளர்கள் சேர்க்க வேண்டியிருந்தது.

மோட்டோரோலாவின் 6800 சிப்பும் அதே 1974ஆம் ஆண்டில் வந்தது; அது வேறு விடை சொன்னது. அது நேராக ஒரு முகவரிக்குத் தாவவில்லை. 65,536 பைட்டுகள் கொண்ட நினைவக வெளியின் கடைசி இரண்டு பைட்டுகளைப் படித்து, அங்கே எழுதியிருக்கும் முகவரிக்குப் போனது. வீட்டுக்குள் நேரே நுழையாமல், வாசற்பலகையைப் படித்துவிட்டுப் போவது போன்றது இது. பலகையில் எந்த முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம். இந்தப் பலகைக்கு மீட்டமைப்புத் திசையன் என்று பெயர்.

1975இல் வந்த எம்ஓஎஸ் டெக்னாலஜியின் 6502 இதே வழியைப் பின்பற்றி, 65,532, 65,533 ஆகிய முகவரிகளில் தன் திசையனை வைத்தது. மலிவுக்காக மிகக் குறைந்த டிரான்சிஸ்டர்களில் செய்யப்பட்ட அந்தச் சிப்பில் மீட்டமைப்புக்கென்று தனிச் சுற்று வகுக்கப்படவில்லை. குறுக்கீட்டைக் கையாளும் அதே ஏழு துடிப்பு வரிசையே மீட்டமைப்புக்கும் பயன்பட்டது. குறுக்கீடு வந்தால் செயலி திரும்பிவரும் முகவரியையும் நிலைக்கொடிகளையும் மூன்று பைட்டுகளாக அடுக்கில் எழுதும். மீட்டமைப்பின்போது அந்த எழுத்துகள் மட்டும் தடுக்கப்பட்டு, வெறும் வாசிப்புகளாக மாற்றப்பட்டன. அதனால் எதுவும் எழுதப்படாவிட்டாலும் அடுக்குச் சுட்டி மூன்று இடம் குறைந்திருக்கும். பதின்மக் கணக்கீட்டுக் கொடி எந்த நிலையில் இருக்கும் என்பதும் உறுதியில்லை. ஆகவே 6502க்கு எழுதப்பட்ட தொடக்க நிரல்கள் அந்தக் கொடியை அணைத்து, அடுக்குச் சுட்டியை நிரப்பிவிட்டே வேலையைத் தொடங்குவது வழக்கமாயிற்று. பின்னர் வந்த 65சி02 அந்தக் கொடியை மீட்டமைப்பிலேயே அணைத்தது.

1978இல் இன்டெல் 8086 மூன்றாவது வழியை எடுத்தது. பத்து இலட்சத்துச் சொச்சம் பைட்டுகள் கொண்ட நினைவக வெளியின் உச்சிக்கு 16 பைட்டுகள் கீழே, அதாவது 10,48,560ஆம் முகவரியில் அது தொடங்கும். அந்தப் பதினாறு பைட்டுகளில் முழு நிரல் அடங்காது. ஒரு தாவல் கட்டளை அடங்கும். இதனால் ரோம் உச்சியிலும், குறுக்கீட்டு அட்டவணைக்கும் நிரல்களுக்கும் வேண்டிய ரேம் அடியிலும் அமைந்தன. மேசைக் கணினிகளின் எக்ஸ்86 குடும்பம் முழுவதும் உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து தொடங்கும் இந்த வழக்கத்தைத் தாங்கி வந்தது.

மீட்டமைப்பே வழியான விந்தை

மீட்டமைப்பில் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி ஐபிஎம் மேசைக் கணினியிலும் எழுந்தது. 1981இல் வெளியான ஐபிஎம் பிசியில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கணினி மறுதொடக்கமாகும். அப்போது நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பதினாறடிமான முறையில் 1234 என்ற எண் எழுதப்படும். தொடக்க நிரல் அந்த எண்ணைக் கண்டால் நீண்ட நினைவகச் சோதனையைத் தவிர்த்துவிடும். குளிர்த் தொடக்கம், வெதுத் தொடக்கம் என்ற பாகுபாட்டை இந்த ஒற்றை எண் தாங்கி நின்றது.

1982இல் வந்த 80286 செயலி பாதுகாக்கப்பட்ட முறைக்குள் நுழைந்தால், பழைய முறைக்குத் திரும்பக் கட்டளை எதுவும் அதில் இல்லை. திரும்ப ஒரே வழி மீட்டமைப்பு. 1984இல் வெளியான ஐபிஎம் பிசி ஏடி இதற்கு ஓர் ஏற்பாடு செய்தது. விசைப்பலகையைக் கவனிக்க வைக்கப்பட்டிருந்த 8042 என்ற சிறு நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை, முதன்மைச் செயலியின் மீட்டமைப்பு முனையோடு இணைக்கப்பட்டது. பழைய முறைக்குத் திரும்ப விரும்பும் நிரல், மின்கலத்தால் காக்கப்படும் நினைவகத்தில் ஒரு குறிப்பை எழுதிவைத்துவிட்டு, தன்னை மீட்டமைக்குமாறு விசைப்பலகைக் கட்டுப்படுத்தியிடம் கேட்கும். எழுந்ததும் தொடக்க நிரல் அந்தக் குறிப்பைப் படித்து, விட்ட வேலைக்குத் திரும்பும். அப்போலோ கணினியின் அட்டவணையும் இந்தக் குறிப்பும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். மீட்டமைப்பைத் தாண்டி உயிரோடிருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எங்கோ இருக்க வேண்டும்.

நுண்கட்டுப்படுத்திகளின் காலம்

1980இல் வெளியான இன்டெல் 8051 உட்பொதி உலகில் மிகப் பரவலாகப் புழங்கிய சிப்களுள் ஒன்று. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் 8085உடன் சேர்ந்து பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இடம்பெற்றதால், தமிழ் மாணவர் பலருக்கு மீட்டமைப்பு முனை முதலில் அறிமுகமானது இவற்றின் வழியாகத்தான். 8051இன் மீட்டமைப்பு முனை குறைந்தது இரண்டு இயந்திரச் சுழற்சிகள், அதாவது 24 அலையியற்றித் துடிப்புகள், உயர் நிலையில் இருக்க வேண்டும். பாடநூல்கள் காட்டும் வழக்கமான சுற்றில் மின்வழங்கிக்கும் அந்த முனைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், முனைக்கும் புவிக்கும் இடையே 8.2 கிலோஓம் மின்தடையும் இருக்கும். மின்சாரம் வந்ததும் முனை உயர்ந்து, மின்தேக்கி நிரம்ப நிரம்ப மெல்லத் தாழும்.

மீட்டமைப்புக்குப் பின் 8051இன் நிரல் எண்ணி பூச்சியமாகும். அடுக்குச் சுட்டி 7 ஆகும். நான்கு துறைகளின் முனைகள் அனைத்தும் 1 ஆகும். உள் ரேம் தொடப்படாது. துறைகள் 1 ஆவது சிறு விவரம் போலத் தோன்றும். ஆனால் அந்த முனையில் உயர் நிலையில் இயங்கும் ஒரு ரிலே இணைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு மீட்டமைப்பின்போதும் நிரல் விழிக்கும் முன்பே மோட்டார் ஒரு கணம் சுழலும். அதனால் 8051இல் ரிலேக்களைத் தாழ் நிலையில் இயங்குமாறு அமைப்பது நல்ல பழக்கமானது. மீட்டமைப்பு என்பது செயலியின் உள்விவகாரம் மட்டுமல்ல. அது முடியும் வரை வெளியுலகில் என்ன நடக்கிறது என்பதும் வடிவமைப்பில் அடங்கும்.

மின்தேக்கிச் சுற்றுக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் முழுதாக நின்று வந்தால் அது சரியாக வேலை செய்யும். சில மில்லிவினாடிகளுக்கு மட்டும் மின்னழுத்தம் 5இலிருந்து 3 வோல்ட்டுக்குத் தாழ்ந்து திரும்பினால், மின்தேக்கி வெறுமையாவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மீட்டமைப்பு நிகழாது. ஆனால் செயலி அந்தச் சில மில்லிவினாடிகளில் தவறான கட்டளைகளைப் படித்திருக்கும். அளவீட்டுத் திருத்தங்களைச் சேமித்து வைக்கும் ஈஈப்ரோம் நினைவகத்தில் அது குப்பையை எழுதிவிடவும் கூடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க மின்னழுத்தத்தை அளந்து மீட்டமைக்கும் தனிச் சிப்கள் வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎல்7705, மாக்சிமின் மாக்ஸ்690, டாலஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்1232 ஆகியவை இவ்வகையின. மாக்ஸ்690 மின்னழுத்தம் சுமார் 4.65 வோல்ட்டுக்குக் கீழே போனாலே செயலியை மீட்டமைப்பில் பிடித்துக்கொள்ளும்.

பின்னர் இந்த வேலை நுண்கட்டுப்படுத்திக்குள்ளேயே சேர்ந்தது. ஆர்டுயினோ பலகைகளால் புகழ்பெற்ற ஏடிமெகா328பி சிப்பில் மீட்டமைப்புக்கு நான்கு காரணங்கள் உண்டு: மின்சாரம் வருதல், வெளிமுனை, மின்னழுத்தத் தாழ்வு, காவல் நேரங்காட்டி. மின்னழுத்தத் தாழ்வின் எல்லையை 1.8, 2.7, 4.3 வோல்ட் என மூன்று அளவுகளில் ஒன்றாக அமைக்கலாம். எந்தக் காரணத்தால் மீட்டமைப்பு நிகழ்ந்தது என்பதை ஒரு பதிவகம் கொடிகளாகச் சொல்லும். கருவி எழுந்ததும் தான் ஏன் விழுந்தது என்று கேட்டறிய முடிவது களத்தில் பழுது பார்ப்பவர்களுக்குப் பெரும் உதவி. மின்னழுத்தத் தாழ்வுக் கொடி தெரிந்தால் மின்வழங்கியைச் சந்தேகிக்கலாம். காவல் நேரங்காட்டியின் கொடி தெரிந்தால் நிரலைச் சந்தேகிக்க வேண்டும்.

விண்வெளியில் மூன்று பாடங்கள்

காவல் நேரங்காட்டியின் அருமை அதைப் பயன்படுத்தாதபோது தெரிந்தது. 1994 ஜனவரியில் ஏவப்பட்ட அமெரிக்காவின் கிளமென்டைன் விண்கலம் நிலவைப் படமெடுத்து முடித்துவிட்டு, ஜியோகிராபோஸ் என்னும் சிறுகோளை நோக்கிச் செல்லவிருந்தது. மே 7 அன்று அதன் கணினி உறைந்தது. உந்துவிசைக் குழாய் திறந்தபடியே நின்று எரிபொருள் முழுவதும் தீர்ந்தது. கலம் நிமிடத்துக்குச் சுமார் 80 சுற்றுகள் வீதம் சுழலத் தொடங்கியது. சிறுகோள் பயணம் கைவிடப்பட்டது. செயலியின் வன்பொருளில் காவல் நேரங்காட்டி இருந்தது. அதைப் பயன்படுத்தும் மென்பொருள் எழுதப்படவில்லை.

மார்ஸ் பாத்ஃபைண்டர் இரண்டாவது பாடம். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய அந்தக் கலத்தின் கணினி, சில நாள்களில் தானாகவே மீண்டும் மீண்டும் மீட்டமையத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. காரணம் முன்னுரிமைத் தலைகீழாக்கம் எனப்படும் பிழை. வானிலைத் தரவைத் திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்கும்போது, இடைப்பட்ட முன்னுரிமைப் பணி அதைத் தள்ளிவிட்டு ஓடியது. அதே பூட்டுக்காகக் காத்திருந்த உயர்ந்த முன்னுரிமைப் பணி உரிய நேரத்தில் முடியவில்லை. அதைக் கவனித்த மென்பொருள் கணினியை மீட்டமைத்தது. பூமியில் இருந்த இணைக் கலத்தில் பிழையை மறுபடி நிகழ்த்திக் கண்டுபிடித்த பொறியாளர்கள், அந்தப் பூட்டில் முன்னுரிமை மரபேற்பு என்னும் அமைவை இயக்கிச் சரிசெய்தார்கள். இங்கே மீட்டமைப்பு நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் மருத்துவர் வரும் வரை நோயாளியை உயிரோடு வைத்திருந்தது.

மூன்றாவது பாடம் ஸ்பிரிட் ஊர்தி. 2004 ஜனவரியில் செவ்வாயின் குசெவ் பள்ளத்தில் இறங்கிய அது, பதினெட்டாம் செவ்வாய் நாளில் சரியாகப் பேசுவதை நிறுத்தியது. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகியதால், அவற்றின் பட்டியலைத் தாங்க ரேமில் இடம் போதவில்லை. கணினி மீட்டமைந்தது. எழுந்ததும் அதே ஃபிளாஷைப் படிக்க முயன்று மீண்டும் விழுந்தது. இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட முறை நடந்தது. ஊர்தி இரவிலும் உறங்காமல் மின்கலத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமலே தொடங்கும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பிய பிறகே அது அடங்கியது. பின்னர் ஃபிளாஷ் நினைவகம் புதிதாக வடிவமைக்கப்பட்டு, ஊர்தி 2010 வரை பணியாற்றியது. நோய்க் காரணம் மீட்டமைப்பு மறக்காத இடத்தில் இருந்தால், எத்தனை முறை மீட்டமைத்தாலும் பயனில்லை என்பதை ஸ்பிரிட் காட்டியது.

மீட்டமைக்காமல் விட்டதன் விலை

வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு வினாடி என்ற அலகில் எண்ணியது. இரும எண்முறையில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் நீளும் பின்னம். அதை 24 பிட்டுகளில் வெட்டிச் சேமித்ததால் ஒவ்வொரு கணக்கிலும் நுண்ணிய பிழை சேர்ந்தது. சுமார் 100 மணி நேரம் இடைவிடாமல் ஓடிய அமைப்பில் அது 0.34 வினாடியாக வளர்ந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். இடையில் ஒரு முறை மறுதொடக்கம் செய்திருந்தால் கடிகாரம் பூச்சியத்திலிருந்து எண்ணியிருக்கும். நெடுநேரம் ஓடவிட வேண்டாம் என்ற எச்சரிக்கை முன்பே அனுப்பப்பட்டிருந்தது. நெடுநேரம் என்றால் எவ்வளவு என்று அதில் சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இதே வகைச் சிக்கல் 2015இல் போயிங் 787 விமானத்தில் கண்டறியப்பட்டது. அதன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள்கள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், ஓர் எண்ணி நிரம்பி வழிந்து, மின்னாக்கிகள் செயலிழக்கக்கூடும். அந்த எல்லையை எட்டும் முன் மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆணையிட்டது. அணைத்துப் போடுவது சோம்பேறியின் வைத்தியம் என்று கேலி செய்வதுண்டு. இங்கே அது எழுத்துமூலமான பாதுகாப்பு விதியானது.

அரைகுறை மீட்டமைப்பு

மீட்டமைப்புச் சமிக்கை போதிய நேரம் நீடிக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2011இல் ஒரு விளையாட்டுக் கருவி விடை தந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 தன் தொடக்க நிரல் உண்மையானதா என்று சரிபார்த்த பிறகே அதை ஓட்டும். அந்தச் சரிபார்ப்பு நடக்கும் கணத்தில் செயலியின் கடிகாரத்தை மெதுவாக்கி, மீட்டமைப்பு முனையில் 100 நானோவினாடி அளவுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால், செயலி மீட்டமையாது. அது தடுமாறும். ஒப்பீட்டின் விடை மாறிப்போய், போலி நிரலும் உண்மையென்று ஏற்கப்படும். பாதுகாப்புக்காக வைத்த முனையே பூட்டைத் திறக்கும் கம்பியானது.

இதற்கு அடிப்படை, பிளிப்-பிளாப்களின் ஒரு குணம். மீட்டமைப்பை விலக்கும் கணம் கடிகாரத் துடிப்பின் விளிம்போடு மோதினால், சில பிளிப்-பிளாப்கள் ஒரு துடிப்பு முன்னும் சில பின்னும் விடுபடும். சில 0க்கும் 1க்கும் நடுவே தத்தளிக்கும். அதனால் இன்றைய சிப் வடிவமைப்பில் மீட்டமைப்பு எந்தக் கணத்திலும் உடனே பிடிக்கும், ஆனால் கடிகாரத்தோடு ஒத்திசைந்தே விடும். இந்த வேலையை இரண்டு பிளிப்-பிளாப்களை வரிசையாகக் கோத்த ஒரு சிறு சுற்று செய்கிறது.

இன்றைய நிலை

2004இல் அறிவிக்கப்பட்ட ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம்3 பழைய பாடங்கள் பலவற்றைத் தன்னுள் கொண்டது. மீட்டமைந்ததும் அது நினைவகத்தின் முதல் சொல்லைப் படித்து அடுக்குச் சுட்டியில் வைக்கிறது. இரண்டாம் சொல்லைப் படித்து அந்த முகவரிக்குப் போகிறது. அடுக்குச் சுட்டி வன்பொருளாலேயே நிரம்பிவிடுவதால், தொடக்க நிரலைக்கூட சி மொழியில் எழுத முடிகிறது. 6502 காலத்து நிரலாளர் முதல் வரியில் கையால் செய்த வேலை, சிலிக்கானுக்குள் போய்விட்டது. மென்பொருள் தன்னைத் தானே மீட்டமைக்கவும் அதில் ஒரு பதிவகம் உண்டு. தவறிப்போய் எழுதிவிடாதபடி, ஒரு குறிப்பிட்ட திறவு எண்ணோடு சேர்த்து எழுதினால்தான் அது ஏற்கும்.

ரேமை மட்டும் செயலி இன்றும் துடைப்பதில்லை. தொடக்க மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்குப் படியெடுப்பதும், மற்றவற்றைப் பூச்சியமாக்குவதும் முதன்மை நிரலுக்கு முன் ஓடும் சிறு தொடக்க நிரலின் பணி. எந்தப் பகுதியைத் துடைக்காமல் விட வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியும். கடைசியாக நேர்ந்த பிழையின் விவரத்தை அந்தப் பகுதியில் எழுதிவைத்துவிட்டு மீட்டமைவது இன்று பரவலான வழக்கம். எஸ்டிஎம்32 வரிசைச் சிப்களில் மின்கலத்தால் காக்கப்படும் தனிப் பகுதி ஒன்றும் உண்டு. மற்றவை மீட்டமைந்தாலும் அதிலுள்ள கடிகாரமும் சில பதிவகங்களும் தொடரும்.

வீட்டு மின்சார மீட்டர் மின்வெட்டுக்குப் பிறகு கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இதே ஏற்பாட்டால்தான். அது எழுந்ததும் மறக்க வேண்டியது தன் தடுமாற்றத்தை. நாம் செலவழித்த யூனிட்டுகளை அது மறந்துவிடக் கூடாது.